திருக்கோவலூரும் பரிணாம வாதமும்

நடுநாட்டுத் திருப்பதிகள் இரண்டனுள் ஒன்றான திருக்கோவலூர், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையில் அமைந்துள்ளது. முதலாழ்வார்கள் மூவரும் ஓர் இடைகழியில் கூடியதும், அவர்களுடைய திருவந்தாதிகள் பிறந்ததும் இங்கேயே என்பது ஸம்ப்ரதாயம். ஸ்வாமி தேசிகன் தேஹளீச ஸ்துதியை அருளிச்செய்ததும் இவ்வெம்பெருமான் விஷயமாகவே. திருவடியை மேலே தூக்கி உலகளந்த திருக்கோலத்தில் இங்கே அவன் ஸேவை ஸாதிக்கிறான். பரிணாம அறிவியலுக்கும் படைப்புக் கொள்கைக்கும் இடையே எழுந்த விவாதம் நம் நாட்டில் தசாவதாரத்தைப் பற்றிக்கொண்டே வளர்ந்தது. ஆதலால் இத்திருக்கோலம் அவ்விவாதத்தில் ஸாக்ஷியாக நிற்கிறது.

1802ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் பேலி ஒரு நூல் வெளியிட்டார். கடிகாரத்தைக் கண்டவன் அதைச் செய்தவனை ஊகிப்பதுபோல, உயிர்களின் உடலமைப்பைக் கண்டு அவற்றைப் படைத்தவனை ஊகிக்கலாம் என்பது அவர் வாதம். 1859இல் சார்லஸ் டார்வின், அவ்வமைப்பு இயற்கைத் தேர்வினால் படிப்படியாக விளையக்கூடும் என்று காட்டினார். ஊகத்தின்மேல் எழுப்பிய கட்டடம் ஆட்டங்கண்டது. அங்கே பூசல் மூண்டது. இந்தியாவிலோ வேறொரு வழி தோன்றியது. 1877இல் பிளாவட்ஸ்கி அம்மையாரும், 1882இல் வங்காளத்துக் கேசவ சந்திர சேனரும், மத்ஸ்யம் முதலான அவதார வரிசையே உயிர்களின் பரிணாம வரிசை என்னும் கருத்தை முன்வைத்தனர். நீரில் மீன், பின் ஆமை, பின் பன்றி, பின் நரமிருகம், பின் குறுமனிதன் என்ற இவ்வொப்புமை ஆங்கிலம் கற்றோர்க்கு ஆறுதல் அளித்தது. இன்றும் உபந்யாஸங்களில் இது பெருமையாகவே கூறப்படுகிறது.

வ்யாக்யான மரபைக் கொண்டு ஆராய்ந்தால் இவ்வொப்புமை நிலைபெறாது. ஒப்புமை செய்வோர் வாமனனை முழு வளர்ச்சி பெறாத மனிதனாகக் கொள்வர். திருக்கோவலூரில் நிற்பவனோ, குறளனாய் வந்து அப்பொழுதே மூவுலகும் அளந்தவன். குறுமை அவன் மேற்கொண்ட கோலமேயன்றிக் குறைபாடன்று. கீதையின் நான்காம் அத்யாயத்திற்கு பாஷ்யமிட்ட எம்பெருமானார், அவதாரம் கர்மத்தினால் வருவதன்று, தன் ஸங்கல்பத்தினால் வருவது. தன் ஐச்வர ஸ்வபாவத்தை விடாமலே அவன் அவதரிக்கிறான் என்று நிர்ணயித்தார். ஆகவே மத்ஸ்யமூர்த்தி கீழ்ப்படியும் அல்லன், பின்வந்த மூர்த்திகள் மேற்படியும் அல்லர். டார்வின் கொள்கைக்கும் இவ்வொப்புமை பொருந்தாது; அவர் கூறியது ஏணியன்று, கிளைவிடும் மரம். மீன் இனம் மனிதன் தோன்றிய பின்னும் மீனாகவே பல கிளைகளாய் வாழ்கிறது.

கால அளவிலும் இத்தகைய கவர்ச்சி ஒன்று உண்டு. ஒரு கல்பம் 432 கோடி ஆண்டு. புவியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு என்பது அறிவியல். இரண்டும் நெருங்குவதைக் காட்டி மகிழ்வோர் பலர். ஆனால் நடப்புக் கல்பத்தில் இதுவரை கழிந்தது ஏறத்தாழ 197 கோடி ஆண்டே. திருக்கோவலூருக்கு மேற்கே உயரும் கல்வராயன் மலைத்தொடரில் காணப்படும் சார்னோக்கைட் என்னும் பாறைவகையின் வயதோ வட தமிழகத்தில் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. எண்களை எண்களோடு பொருத்தப் புகுந்தவர்க்கு அம்மலையே தடையாக நிற்கும்.

ஸ்ரீபாஷ்யம் இவ்வழியை என்றோ விலக்கிவிட்டது. சாஸ்த்ரயோநித்வாதிகரணத்தில், உலகம் அவயவங்களையுடைய கார்யமாதலால் குடத்திற்குக் குயவன்போல அதற்கொரு கர்த்தாவை அனுமானத்தாலேயே அறியலாமே என்பது பூர்வபக்ஷம். உடையவர் இதனை மறுக்கிறார். மண், மலை, கடல் முதலியவை ஒரே காலத்தில் ஒருவனாலேயே செய்யப்பட்டன என்பதற்கு அனுமானத்தில் பற்றுக்கோடில்லை. மாளிகையைப் பலர் பல காலங்களில் கட்டக் காண்கிறோம். குயவனைக் கொண்டு ஊகித்தால், உடலும் கர்மமும் உடைய ஒருவனே கிடைப்பான். ஆகையால் ப்ரஹ்மம் சாஸ்த்ரம் ஒன்றினாலேயே அறியத்தக்கது. பேலிக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பேலியின் வாதத்தைக் கைவிட்ட தர்சனத்திற்கு, டார்வின் அவ்வாதத்தை வீழ்த்தியதனால் இழப்பு ஏதுமில்லை.

மனிதன் விலங்குகளுக்கு உறவினன் என்னும் செய்தி மேல்நாட்டாரைப் புண்படுத்தியது. விசிஷ்டாத்வைதத்தில் தேவ, மனுஷ்ய, திர்யக், ஸ்தாவர பேதம் சரீரத்தைப் பற்றியது. ஞானஸ்வரூபனான ஆத்மா எங்கும் ஒரு தன்மையன். ஸூக்ஷ்மமான சித்தும் அசித்தும் ஸ்தூலமாக விரிதலே ஸ்ருஷ்டி. இல்லாதது புதிதாகத் தோன்றுதல் அன்று. அசித்து மாறிக்கொண்டேயிருப்பது என்பதும் நம் ஸித்தாந்தமே. இதனால் நம் பூர்வர்கள் உயிரினப் பரிணாமத்தைக் கூறினர் என்று ஆகாது. அது கூறப்படுவதற்கு இங்கே இடையூறு குறைவு என்பதே பெறப்படும்.

மெய்யான இடையூறு வேறிடத்தில் உளது. உடல் வேறுபாட்டிற்குக் காரணம் கர்மமும் ஈச்வர ஸங்கல்பமும் என்பது நம் கொள்கை. மரபு மாறுபாடும் இயற்கைத் தேர்வும் என்பது அறிவியல். அறிவியல் கண்டது இன்ன முறையில் நிகழ்ந்தது என்பதை. அதற்குப் பின்னே நியமிப்பவன் எவனும் இல்லை என்றுரைப்பவர் தம் ப்ரமாணத்தின் எல்லையைக் கடக்கிறார். கண்ணின் அமைப்பைக் கொண்டே ஈச்வரனை நிரூபிக்க முயல்பவரும் அவ்வாறே எல்லை கடக்கிறார். பிற ப்ரமாணங்களால் எட்டாத பொருளை உணர்த்துவதிலேயே சாஸ்த்ரத்திற்குப் பயன் என்பது மீமாம்ஸகரும் வேதாந்திகளும் ஒப்பிய நெறி.

2023இல் மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் பரிணாமப் பகுதி நீங்கியபோது மீண்டும் வாதம் எழுந்தது. மாணவன் அதனைக் கற்பதனால் ஆழ்வார்களின் அருளிச்செயலுக்குக் குறை நேராது. அவதாரத்தை உயிரியல் பாடமாக்கினால்தான் குறை நேரும். அறிவியல் நாளை தன் முடிவைத் திருத்தும்போது சாஸ்த்ரமும் உடன் திருத்தப்பட வேண்டியதாகும். உலகளந்த திருவடியை அளக்க அவ்வளவுகோல் போதாது.