சொல்லுக்குரிய கடமை

1983 ஆடித் திங்களில் கொழும்பு எரிந்தது. ஏடுகள் அதனைக் ‘கலவரம்’ என்றன. உயிர் தப்பியோர் ‘இனப்படுகொலை’ என்றனர். பாக்கு நீரிணையைக் கடந்து இராமேசுவரத்தில் கரையேறிய அவர்கள், மண்டபம் முகாமிலிருந்து தமிழகமெங்கும் பகிர்ந்தனுப்பப்பட்டனர். நம் அரூருக்கு அண்மையில், சேர்வராயன் மலையடிவாரத்து வாணியாறு அணையருகிலும் ஒரு முகாம் எழுந்தது.

ஏதிலியர்க்காகப் பேச ஏதிலியரே முன்வந்தனர். தந்தை செல்வாவின் மைந்தர் சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்தோறும் சென்று கல்விக்கு வழிகண்டது. அங்குப் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்று கிடைக்க உழைத்தது. மேடை முழக்கத்தினும் அச்சிறு தாள் வலியது.

2009 முள்ளிவாய்க்கால் பேரழிவின் பின், 2015-இல் இலங்கை வட மாகாண சபை ‘இனப்படுகொலை’ என்னும் சொல்லையே தீர்மானமாக்கிற்று. 2021-இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றிற்று. பெயர் மாறியது, குடியுரிமை? 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளையே குறித்தது, இலங்கையை விட்டுவிட்டது.

கவிஞர்களே! ஈழத் துயரை மேடைதோறும் பாடிய நாம், வாணியாற்றுக்கு எத்துணை முறை சென்றோம்? இனிவரும் பத்தாண்டில் முதலில் சென்று கேட்போம், பின்னர்ப் பாடுவோம்.