கழிவுநீர்ச் சேறு: காய்ந்தால் மட்டும் போதுமா?

கழிவறையில் ஊற்றிய தண்ணீர் சாக்கடைக்குப் போய்விட்டால் நம் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறோம். திருநெல்வேலி மாநகரின் பாதாளச் சாக்கடை நீர் ராமையன்பட்டி சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. இத்தகைய நிலையம் எதுவானாலும், தெளிந்த நீர் வெளியேறியபின் அடியில் சேறு மிஞ்சும். அதை எங்கே, எப்படி வைப்பது என்பதே இங்கு நாம் பார்க்கப்போவது.

சேற்றில் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். மணல் படுகையில் உலர்த்தியோ, இயந்திரத்தில் சுழற்றியோ, அழுத்திப் பிழிந்தோ அதைக் குறைக்கிறார்கள். இயந்திரத்தில் பிழிந்த சேறு மண்வெட்டியால் அள்ளும் பதத்தில் இருந்தாலும், அதன் எடையில் முக்கால் பங்கு அளவுக்கு நீரே.

கெட்டியானது சுத்தமானது ஆகிவிடாது. குடற்புழுவின் முட்டைகள் அதில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மலக்கழிவை உரமாக்குமுன், 20 முதல் 35 டிகிரி வெப்பமுள்ள இடங்களில் ஓராண்டுக்கு மேல் சேமிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல். நம் நெல்லை வெயிலுக்கும் இந்தக் கணக்குதான். கன உலோகங்களோ எத்தனை ஆண்டு வைத்தாலும் அழியாது. அதற்குப் பரிசோதனை வேண்டும்.

சேமிப்பிடத்துக்கு அவசியமானவை:

* நீர் இறங்காத சிமெண்ட் தளம், சுற்றிலும் தடுப்புச் சுவர்
* மழை படாத கூரை, நல்ல காற்றோட்டம்
* கசியும் நீரை மீண்டும் சுத்திகரிப்புக்கே அனுப்பும் வடிகால்
* பழைய குவியலும் புதியதும் கலக்காமல் தேதியிட்டுப் பிரித்தல்
* பணியாளருக்குக் கையுறை, காலணி, கை கழுவும் வசதி

கூரை ஏன் முக்கியம்? 2023 டிசம்பர் 18 காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. அப்படியொரு மழையில் திறந்தவெளிச் சேறு ஓடையில் கரையும். ஓடை ஆற்றில் சேரும். தாமிரபரணிதான் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் குடிநீர். நாம் ஒளூச் செய்வதும் அந்தத் தண்ணீரில்தான்.

நம் வீட்டளவிலும் கடமை உண்டு. பெயிண்ட், எண்ணெய், காலாவதியான மருந்து, டயப்பர் ஆகியவற்றைக் கழிவறையில் போடாதீர்கள். செப்டிக் டேங்க் லாரியை அழைத்தால், எங்கே கொட்டுவீர்கள் என்று கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்ட வேண்டும் என்பது 2014 முதல் தமிழக அரசின் வழிகாட்டுதல். தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நூறு இருநூறு குறைகிறதே என்று இவற்றை மீறினால், அதன் விலையைக் கொடுப்பது ஆற்றோரத்துப் பிள்ளைகள்தான்.