அமெரிக்காவில் மாநில உரிமையும் கஞ்சா அனுமதியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2023ஆம் ஆண்டு முடிவதற்குள் 24 மாநிலங்கள் வயதுவந்தோர் கஞ்சா பயன்படுத்துவதை அனுமதித்துவிட்டன. ஆனால் 1970இல் நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து, மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய முதல் அட்டவணையில் வைத்தது. மாநிலச் சட்டம் மாறியதால் அந்தத் தடை நீங்கிவிடவில்லை. ஒரே கடை மாநிலத்தின் உரிமம் பெற்ற வணிகமாகவும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமாகவும் இருப்பது இதனால்தான். மாநிலங்களால் தங்கள் காவல்துறையை விலக்கிக்கொள்ள முடிந்ததே தவிர, கஞ்சா வைத்திருக்கும் உரிமையை மக்களுக்கு வழங்க முடியவில்லை. இந்த நிலையைச் சரியாக விளங்கிக்கொள்ள இந்த வேறுபாடே திறவுகோல்.

கலிபோர்னியா மக்கள் 1996இல் 215ஆம் முன்மொழிவுக்கு வாக்களித்து, மருத்துவர் பரிந்துரைத்தவர்கள் கஞ்சா வளர்க்க வழிசெய்தனர். 2002 ஆகஸ்டில் அம்மாநிலத்தின் பியூட் கவுண்டியில் ஒரு நோயாளியின் வீட்டுக்கு அதிகாரிகள் வந்தபோது, உள்ளூர்க் காவலர்கள் அவர் வளர்ப்பது மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டதே என்றனர். உடன் வந்த கூட்டாட்சி அதிகாரிகள் ஏற்கவில்லை. மூன்று மணி நேர இழுபறிக்குப் பின் அவருடைய ஆறு செடிகளும் பறிமுதல் செய்யப்பட்டு அழிக்கப்பட்டன. இதிலிருந்து எழுந்த கொன்சாலஸ் எதிர் ரைச் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் கூட்டாட்சி அரசின் பக்கம் நின்றது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம், விற்பனைக்கே வராத வீட்டுச் செடி வரை நீளும் என்றது. தன் பண்ணைத் தேவைக்காக அளவுக்கு மேல் கோதுமை விளைவித்த ஓஹியோ விவசாயி ஒருவர் 1942இல் தோற்ற வழக்கே இதற்கு முன்மாதிரி. எதிர்த்தீர்ப்பு எழுதிய நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், தாம் கலிபோர்னியாவில் இருந்திருந்தால் அந்த முன்மொழிவுக்கு வாக்களித்திருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஆனாலும் அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை மாநிலத்திடமிருந்து பறிக்கக் கூடாது என்று வாதிட்டார். மாநில உரிமைக்கு இதைவிட நேர்மையான வாதம் இல்லை. கொள்கை பிடிக்காதபோதும் அதை முடிவு செய்யும் அதிகாரத்தை மதிக்கிறது.

தோற்ற பின்னும் மாநிலங்கள் தளராததற்குக் காரணம் வேறொரு கோட்பாடு. கூட்டாட்சிச் சட்டத்தைச் செயல்படுத்தும்படி மாநில அலுவலர்களுக்கு வாஷிங்டன் ஆணையிட முடியாது என்று 1997இல் பிரின்ட்ஸ் வழக்கும், மாநிலம் தன் தடைச் சட்டத்தை நீக்கக் கூடாது என்று கட்டளையிடவும் முடியாது என்று 2018இல் மர்ஃபி வழக்கும் தீர்த்தன. போதைப்பொருள் கைதுகளில் பெரும்பகுதி மாநில, உள்ளூர்க் காவலர்கள் செய்பவை. அவர்கள் விலகினால் கூட்டாட்சித் தடை பெருமளவு ஏட்டளவில் நின்றுவிடும். மதுவிலக்குக் காலத்தில் நியூயார்க் 1923இல் தன் அமலாக்கச் சட்டத்தை ரத்து செய்து இதே வழியைத்தான் எடுத்தது.

மாநில உரிமை என்ற முழக்கம் அடிமை முறையையும் இனப் பாகுபாட்டையும் காத்தது என்ற ஆட்சேபம் கனமானது. ஆயினும் ஒத்துழைக்க மறுக்கும் உரிமை அந்தப் பக்கத்துக்கு மட்டும் சொந்தமானதன்று. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தர மாநில அலுவலர்களைக் கட்டாயப்படுத்த இயலாது என்ற கருத்து 1842ஆம் ஆண்டின் பிரிக் எதிர் பென்சில்வேனியா தீர்ப்பிலேயே உண்டு. வட மாநிலங்கள் அதைப் பற்றிக்கொண்டன. மனிதரின் அடிப்படை உரிமையைப் பறிக்க ஒரு மாநிலம் இக்கோட்பாட்டை நாடினால் அதற்கு அரசியல் சாசனமே தடை. கஞ்சா அனுமதி யாருடைய உரிமையையும் பறிப்பதில்லை. கொலராடோவின் கஞ்சா தங்கள் எல்லைக்குள் கசிகிறது என்று நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும் தொடுத்த வழக்கை 2016இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. அவற்றின் குறை பொய்யன்று. ஆனால் தன் எல்லையைக் காக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தச் சட்டம் இருக்கிறது. அண்டை மாநிலத்தின் சட்டப் புத்தகத்தைத் திருத்த அது காரணமாகாது.

உண்மையான பலவீனம் வேறிடத்தில் உள்ளது. காவலரை விலக்கிக்கொள்வது குடிமகனைக் கைதிலிருந்து காக்கலாம். மற்ற எதிலிருந்தும் காக்காது. முதல் இரண்டு அட்டவணைப் பொருள்களை விற்பவர் வாடகையையும் சம்பளத்தையும் வரிக் கணக்கில் கழிக்கக் கூடாது என்பது 1982 முதல் உள்ள வரிச்சட்ட விதி. கொலராடோவில் உடல் செயலிழந்த ஊழியர் ஒருவர் வேலை நேரத்துக்கு வெளியே மருத்துவக் கஞ்சா பயன்படுத்தியதற்காக வேலை இழந்தபோது, கூட்டாட்சிச் சட்டத்துக்கு முரணான செயல் சட்டபூர்வமானது ஆகாது என்று 2015இல் மாநில உச்ச நீதிமன்றமே கைவிரித்தது. கஞ்சாவை அனுமதித்த மாநிலங்கள் தொடர்பாக 2013இல் கூட்டாட்சி நீதி அமைச்சகம் விடுத்த தளர்வுச் சுற்றறிக்கையை 2018 ஜனவரியில் அப்போதைய அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் ஒரு குறிப்பில் ரத்து செய்தார். மாநிலங்களின் மருத்துவக் கஞ்சாச் சட்டங்களுக்கு எதிராக அந்த அமைச்சகம் பணம் செலவிடுவதைத் தடுக்கும் 2014ஆம் ஆண்டின் ஏற்பாடும் வரவுசெலவுச் சட்டத்தோடு திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட வேண்டியதே. மதுவிலக்கை நீக்கிய 21ஆம் திருத்தம் 1933இல் மதுவுக்குச் செய்ததைக் கஞ்சாவுக்குச் செய்ய அரசியல் சாசனத் திருத்தம்கூடத் தேவையில்லை. மாநிலச் சட்டத்துக்கு உட்பட்ட செயல்களுக்கு 1970ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்று காங்கிரஸ் ஒரு சாதாரணச் சட்டம் இயற்றினால் போதும்.