நான்காம் தமிழ்ச் சங்கம்

சங்கம் என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம்மனோர்க்கு மதுரை மாநகரம் நினைவிற்கு வருதல் இயல்பு. தலை, இடை, கடை என்னும் முச்சங்க வரலாற்றை இறையனார் களவியலுரை கூறும். அவற்றின் வழிவந்ததெனக் கருதி, நான்காம் தமிழ்ச் சங்கம் என்று அறிஞர் போற்றுவது 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14-ஆந் தேதி நிறுவப்பெற்ற மதுரைத் தமிழ்ச் சங்கமேயாகும்.

இதனை நிறுவியவர் பாலவநத்தம் ஜமீன்தார் பொ. பாண்டித்துரைத் தேவர் அவர்கள். இவர்தம் தந்தையார் பொன்னுசாமித் தேவர், ஆறுமுக நாவலரைக் கொண்டு அரிய நூல்களைப் பதிப்பிக்கச் செய்த வள்ளல். மைந்தரும் அவ்வழியே நின்று, உ. வே. சாமிநாதையரவர்கள் 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்த காலத்தில் பொருளுதவி புரிந்தனர். ஒருகால் சொற்பொழிவின் பொருட்டு மதுரைக்கு வந்த தேவரவர்கள் கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்ட, அந்நகரில் அவை எளிதிற் கிடைக்கவில்லையென்றும், அவ்வருத்தமே சங்கத்திற்கு வித்தாயிற்றென்றும் சொல்லுவர். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி மன்னரும் இம்முயற்சிக்குத் துணைநின்றனர்.

அந்நாளில் பழைய நூல்கள் பெரும்பாலும் பனையோலை ஏடுகளிலேயே கிடந்தன. ஏடெழுதுவோர் செய்த பிழை ஒரு பக்கம். செல்லரித்துப் போனவை மற்றொரு பக்கம். பயனறியாது அடுப்பிலிட்டனவும், ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டனவும் எத்தனையோ! ஒரு நூலின் பல பிரதிகளை ஒருங்கு வைத்து ஒப்புநோக்கினாலன்றி உண்மைப் பாடம் விளங்காது. தனியொருவர் ஊரூராய் அலைந்து ஈட்டுவதினும், ஓரிடத்தில் ஏடுகளைச் சேர்த்துவைத்துப் புலவர் பலர் கூடி ஆராய்தலே தக்கது.

இக்கருத்துப்பற்றியே சங்கத்தில் பாண்டியன் புத்தகசாலையும், செந்தமிழ்க் கலாசாலையும், அச்சுக்கூடமும் அமைந்தன. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனப் பரீட்சைகள் நடைபெற்றன. 1902-இல் 'செந்தமிழ்' என்னும் பத்திரிகை தோன்றிற்று. முதலில் ரா. இராகவையங்காரும், பின்னர் மு. இராகவையங்காரும் அதன் ஆசிரியராக விளங்கினர். பழைய சிறுநூல்கள் அதில் வெளிவந்தன. புலவர் காலமும் அரசர் வரலாறும் சான்றுகளோடு ஆராயப்பட்டன. சென்னையில் ஆசிரியராயிருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்தும் வெளியிட இயலாதிருந்த 'அபிதான சிந்தாமணி' 1910-இல் இச்சங்க வாயிலாகவே அச்சேறியது.

பாஸ்கர சேதுபதி 1903-இலும், தேவரவர்கள் தமது நாற்பத்துநான்காம் பிராயத்தில் 1911-இலும் காலஞ்சென்றனர். புரவலரோடு புலவர் கூட்டமும் கலைந்துபோவது நம் நாட்டிற் பழைய வழக்கம். ஆயின் இச்சங்கம் அங்ஙனம் கலையவில்லை. கலாசாலையாகவும், புத்தகசாலையாகவும், பத்திரிகையாகவும் வேரூன்றியிருந்தமையே அதற்குக் காரணம். ஒருவர் கொடை ஒரு தலைமுறைக்கு. நிலையமாக அமைந்த கொடையோ பல தலைமுறைக்கு. சங்கமாகக் கூடியுள்ள நாமும் மனங்கொள்ளத்தக்கது இது.

அன்பர்களே! உங்கள் இல்லத்துப் பரணில் பாட்டனார் வைத்த ஏட்டுக்கட்டு ஏதேனும் உளதாயின், அதனை வீணென்று எறிந்துவிடாதீர்கள். கற்றார் ஒருவரிடம் காட்டுங்கள். தக்கதொரு புத்தகசாலையிற் சேர்ப்பியுங்கள். வேறெங்கும் கிடையாத ஒரு பாடம் அதனுள் இருத்தலுங் கூடும்.