நட்டஈடு

உடுப்பிட்டியில் 'ஈடு' என்றதும் முதலில் நினைவுக்கு வருவது காணிதான். வளவை ஈடு வைத்துக் காசு எடுப்பார்கள். அதற்கு எழுதுவது ஈட்டுறுதி. 'இடு' என்ற வினையின் முதலெழுத்து நீண்டு 'ஈடு' ஆயிற்று. சுடு சூடானதும் கெடு கேடானதும் இப்படித்தான். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை இடுவதால் 'சமன்' என்ற பொருளும் வந்தது. 'நட்டம்' வடமொழி 'நஷ்ட', இழந்துபோனது. இரண்டும் சேர்ந்தால் இழந்ததற்குச் சமன், 'நட்டஈடு'.

மரக்காலை வாளில் விரல் போனவருக்கு இந்தச் சொல்லைச் சட்டமாக்கித் தந்தது இலங்கையின் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம். எந்த உறுப்பு போனால் உழைப்புத்திறன் எத்தனை வீதம் குறையும் என்று அதில் அட்டவணையே உண்டு. 2022இல் உச்சத்தொகை 20 இலட்சம் ரூபாயானது; வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் சேர்க்கப்பட்டது.

ஈடு வைத்த காணியை மீட்கலாம். அறுந்த விரலை எந்தத் தொகையும் மீட்காது. அதனால் இந்தச் சொல்லுக்குள் இருக்கும் 'சமன்' எனக்கு எப்போதும் பொருந்தாமலே நிற்கிறது. இருந்தும் அந்தக் காசு தொழிலாளியின் உரித்து. ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று முதலாளி தரும் சிறு தொகையோடு நின்றுவிடாதீர்கள். விபத்தை உடனே எழுத்தில் அறிவியுங்கள், வைத்தியச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள், நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பியுங்கள்.