விதையில்லாத மலரின் வரலாறு: காஷ்மீரக் குங்குமப்பூவும் அதன் கிழங்கும்

காஷ்மீரத்துக்குக் குங்குமப்பூ எப்போது, எவரால் வந்தது என்ற கேள்விக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் நூல்களையும் தொன்மங்களையும் நாடுகின்றனர். அந்தச் செடியின் உடலமைப்பே ஒரு வரலாற்றுச் சான்று என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை.

குங்குமப்பூச் செடி மும்மடியக் குரோமோசோம் தொகுதி உடையது; அதன் உயிரணுவில் 24 குரோமோசோம்கள் மூன்று தொகுதிகளாக அமைந்துள்ளன. அதனால் அது மலட்டுச் செடி. முளைக்கும் விதையைத் தருவதில்லை. மண்ணுக்கடியில் உள்ள கிழங்கு ஆண்டுதோறும் அழிந்து, தன்மேல் சில சேய்க் கிழங்குகளை விட்டுச் செல்கிறது. அவற்றை மனிதர் அகழ்ந்தெடுத்து நட்டால்தான் செடி வேறிடம் செல்லும். காற்றோ பறவையோ அதைப் பரப்ப இயலாது. அதன் காட்டு மூதாதை கிரேக்கத்தின் அட்டிகா பகுதியைச் சேர்ந்த ஒரு குரோக்கஸ் இனம் என்பதை 2019இல் வெளிவந்த மரபணு ஆய்வுகள் காட்டின. எனவே பாம்பூரின் வயல்களில் நிற்கும் ஒவ்வொரு செடியும், ஏதோ ஒரு காலத்தில், கை மாறிக் கை மாறி வந்த கிழங்கின் வழித்தோன்றலே.

இந்தப் பின்னணியில் தொன்மங்களைப் படித்தால் ஓர் ஒற்றுமை புலப்படுகிறது. பௌத்த மரபு, மத்யாந்திகர் என்னும் துறவி கந்தமாதன மலையிலிருந்து குங்குமப்பூவைக் கொண்டுவந்ததாகக் கூறுகிறது. பாம்பூரின் மக்கள் வழக்கோ, 12ஆம் நூற்றாண்டளவில் வந்த இரு சூஃபி ஞானியர், நோய் தீர்த்த ஊர்த்தலைவருக்குக் கிழங்கொன்றை நன்றிக்கொடையாக அளித்ததாகச் சொல்கிறது. சமயம் வேறு, காலம் வேறு. ஆயினும் இரண்டிலும் செடி வெளியிலிருந்து ஒரு மனிதரின் கையில்தான் வருகிறது. விதையில்லாச் செடியை வளர்க்கும் உழவரின் பட்டறிவு இக்கதைகளில் பதிந்திருக்கிறது எனக் கொள்வதில் தவறில்லை.

காலத்தைப் பொறுத்தவரை இரண்டாம் கதை ஏற்கத்தக்கதன்று. 7ஆம் நூற்றாண்டில் காஷ்மீரம் சென்ற யுவான் சுவாங் அந்நாட்டின் விளைபொருள்களுள் குங்குமப்பூவையும் குறிக்கிறார். அமரகோசம் குங்குமத்துக்குத் தரும் பெயர்களுள் இரண்டு இங்கு கருதத்தக்கவை: ஒன்று ‘காஷ்மீரஜன்ம’, காஷ்மீரத்தில் பிறந்தது, மற்றொன்று ‘பாஹ்லீக’, பால்க் நாட்டுக்குரியது. உள்நாட்டு விளைச்சலும் வடமேற்கு வணிகப் பாதையும் ஒரே சொற்பட்டியலில் அருகருகே நிற்கின்றன. 1148–49இல் ராஜதரங்கிணியை இயற்றிய கல்ஹணர் காஷ்மீரத்துக்கே உரிய சிறப்புகளைப் பட்டியலிடும்போது, கல்வியோடும் திராட்சையோடும் குங்குமப்பூவையும் சேர்க்கிறார். அவர் காலத்தில் அது புதுவரவாக இருந்ததற்கான அறிகுறி எதுவும் அதில் இல்லை.

சாகுபடி நுட்பத்தைத் தெளிவாகப் பதிவுசெய்தவர் அக்பரின் அவையிலிருந்த அபுல் ஃபசல். அயினி அக்பரியில் அவர் கூறுவது இது: முதல் இரண்டு ஆண்டுகள் பூ குறைவாகவே பூக்கும், மூன்றாம் ஆண்டில் நிறைவெய்தும், ஆறாண்டுகளுக்குப் பின் கிழங்குகளைத் தோண்டி வேறு நிலத்தில் நட வேண்டும், இல்லையெனில் அவை அழுகும். இது இன்றைய தாவரவியலோடு ஒத்துப்போகிறது. சேய்க் கிழங்குகள் தாய்க்கிழங்கின் மேலேயே உருவாவதால் ஆண்டுதோறும் அவை மண்ணின் மேற்பரப்பை நெருங்குகின்றன. நெருக்கம் மிகும்போது அழுகல் நோயும் மிகுகிறது. ஜஹாங்கீரும் பாம்பூர் வயல்களைக் கண்டு எழுதினார். பூவின் கடும் மணத்தால் தமக்குத் தலைவலி வந்ததாகவும், பறிக்கும் உழவர்களுக்கு அப்படியேதும் நேர்வதில்லை என அறிந்து வியந்ததாகவும் குறிப்பிட்டார். அரசரின் நாசிக்கும் உழவரின் நாசிக்கும் இடையிலான தொலைவை அவரே அறியாமல் பதிவுசெய்திருக்கிறார்.

இச்செடியின் நாட்காட்டி நம் பயிர்களுக்கு நேர்மாறானது. கோடையில் கிழங்கு உறங்குகிறது. எனினும் அந்த வெப்பத்தில்தான் உள்ளே பூமொட்டு உருவாகிறது. இலையுதிர்காலக் குளிர் தொட்டதும், அக்டோபர் பிற்பகுதியில், பூ வெளிவருகிறது. பூப்பதற்கான உணவு கிழங்குக்குள்ளேயே இருப்பதால் மண்ணில்லாத் தட்டில் வைத்தாலும் அது பூக்கும். வீட்டு அறைகளில் குங்குமப்பூ வளர்க்கும் இன்றைய முயற்சிகளுக்கு அடிப்படை இதுவே. ஆனால் பூத்தபின் இலை விட்டு, குளிர்காலம் முழுதும் ஒளியுண்டு, சேய்க் கிழங்கைப் பருக்கச் செய்தால்தான் மறுஆண்டு பூ உண்டு. அறையில் பூவைப் பெறுவது எளிது. கிழங்கைக் காப்பதே கடினம்.

இங்கேதான் இன்றைய இழப்பின் பொருள் விளங்குகிறது. 1996–97இல் ஏறத்தாழ 5,700 ஹெக்டேராக இருந்த காஷ்மீரக் குங்குமப்பூ நிலம் 2010ஐ ஒட்டிச் சுமார் 3,700 ஹெக்டேராகச் சுருங்கியது. வறட்சி, கிழங்கழுகல், கரேவா மேட்டுநிலங்களில் எழும் குடியிருப்புகள் எனக் காரணங்கள் பல. 2007இல் சட்டம் வந்தது. 2010இல் தேசிய குங்குமப்பூ இயக்கம் தொடங்கியது. 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவை பெயரையும் சந்தையையும் காக்க உதவலாம். ஆனால் நெல்லைப் போல விதையாக்கிக் குளிர்ப்பேழையில் சேமிக்க இயலாத பயிர் இது. உயிரோடு மீண்டும் மீண்டும் நடப்பட்டாலன்றி அதன் தொடர்ச்சி இல்லை; அதைக் காக்கும் ஆவணக்காப்பகம் வயல்தான்.

ஆகவே, குங்குமப்பூவை முதலில் கொண்டுவந்தவர் யார் என்னும் வினாவைவிட, அதை இடைவிடாது நட்டுவந்தவர்கள் யார் என்னும் வினாவே வரலாற்றாய்வுக்கு முதன்மையானது. முதல் வினாவுக்கு விடையாக ஞானியரின் பெயர்கள் இருக்கின்றன. இரண்டாவதற்கு விடையான உழவர் தலைமுறைகளின் பெயர்களை எந்த நூலும் எழுதவில்லை. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் பாம்பூரில் மலரும் ஊதாப் பூக்களே அவர்கள் விட்டுச்சென்ற பதிவு.