கஸ்ஸாலியும் கடற்கரை நிழலும்

காயல்பட்டினக் கடற்கரை மணலில் ஒரு முழக்குச்சியை நட்டுப் பாருங்கள். ஏப்ரல் 12-ஐ ஒட்டிய நாள்களில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். நண்பகலில் குச்சியின் நிழல் அடியிலேயே அடங்கிவிடும். பிறகு அது கிழக்கே, கடல் பக்கமாக நீளும். நிழல் குச்சியின் நீளத்தைத் தொட்டுவிட்டால், நம்மூரில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின்படி அஸர் தொழுகை நேரம் வந்துவிட்டது. மற்ற நாள்களில் உச்சி நிழலையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கண் கொட்டாமல் பார்த்தாலும் நிழல் நகர்வது தெரியாது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘அல்-முன்கிது மினள் ளலால்’ நூலில் எடுத்துக்கொண்டது இந்த நிழலைத்தான். நிற்கிறது என்கிறது கண். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறது. விண்மீன் ஒரு தீனார் காசளவு தெரிகிறது. கணிதமோ அது பூமியைவிடப் பெரிது என்கிறது. கண்ணின் பிழையை அறிவு பிடித்துவிட்டது. அறிவின் பிழையைப் பிடிக்க யார்? கனவை விழிப்பு பொய்யாக்குவதுபோல, இந்த விழிப்பையே பொய்யாக்கும் இன்னொரு நிலை இருந்தால்? ஏறத்தாழ இரண்டு மாதம் இந்த ஐயம் அவரை நோயாக வாட்டியது. வாதத்தால் அது தீரவில்லை. வாதத்துக்கு அடிப்படை உண்மைகள் வேண்டும். அவரோ அவற்றையே ஐயுற்றிருந்தார். இறைவன் நெஞ்சில் இட்ட ஒளியால் மீண்டதாக எழுதினார்.

இதைக் காட்டி, ஈமான் இல்லாதவனுக்குப் பகுத்தறிவும் இல்லை என்று முடிவு கட்டுவோர் உண்டு. ஈமான் கொண்டவனாகவே சொல்கிறேன்: அது பிழை. இறைவன் நம்மை ஏமாற்றமாட்டான், ஆகவே அறிவை நம்பலாம் என்று வாதிடுபவர், அந்த ‘ஆகவே’க்கு அறிவைத்தானே துணைக்கழைக்கிறார்? 1641-இல் பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த் இந்த வழியில் போனபோது, அவர் காலத்து இறையியலாளர் அர்னோ இந்தச் சுழலைத்தான் சுட்டிக்காட்டினார்.

ஈமான் இல்லாமலும் பகுத்தறிய முடியும் என்பதற்கு மணிமேகலையைப் பாருங்கள். அதில் வரும் அறவண அடிகள் படைப்புக் கடவுளை ஏற்காத பௌத்தர். மலையில் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு உண்டு, அடுக்களையைப் போல என்று அனுமானத்தை விளக்குகிறார். பௌத்தமும் சமயம்தானே என்று கேட்கலாம். சமயம்தான், ஆனால் அந்தப் புகையிலிருந்து நெருப்பை அறிய எவரும் பௌத்தராக வேண்டியதில்லை. தொழுகை நமக்கு ஈமானால் வந்த கடமை. நிழலின் நீளமோ ஈமான் இல்லாதவர் அளந்தாலும் அதேதான்.

நம் மதரசா ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு மாத ஐயத்தைப் பற்றிய பக்கங்களைத் தாண்டிவிடாமல் பாடம் நடத்துங்கள். நடத்தும் அன்று பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போய், குச்சியை அவர்கள் கையாலேயே நடச் சொல்லுங்கள்.